குரூப் அட்மின் தவமலர் எழுதுறது

பஸ்ஸுப் பின் சீட்டுல ஏர்கோன் தண்ணி சொட்டுதுல்ல? வா, இங்க உக்காரும்மா, பைய நான் எடுத்துக்கறேன். ஜன்னல் பக்கம் வேணும்னாலும் எடுத்துக்க. எனக்கு வெளிய பாக்க ஒண்ணுமில்ல, செம்பனைத் தோட்டந்தானே.

கையில என்ன, பரீட்சப் பேப்பரா? டீச்சரா நீ? அட, நல்லதாப் போச்சு போ! தமிழ்ப்பள்ளியா? அப்ப மலாயும் நல்லா எழுதுவ. எனக்கு மலாய் பேச வரும், சண்ட போடற அளவுக்கு வரும். எழுதுனாத்தான் அசிங்கமா இருக்கும். தங்கச்சி, எனக்கு நீ ஒரு உதவி பண்ணணும். நாலு மணிக்குள்ள பண்ணணும். இப்ப மணி என்ன, மூணு அஞ்சா? சரி, டைம் இருக்கு. மொதல்ல விஷயத்தக் கேளு. கேக்காம எழுதினா நீயும் அந்த நியூஸ்காரனுங்க மாதிரிதான் எழுதுவ.

என் பேரு தவமலர். கிள்ளான்ல ஸ்கூல் வேன் ஓட்டறேன், பதினாறு வருஷமா. எங்க தாமான் குடியிருப்புல பதினோரு வீட்டுப் பிள்ளைங்க என் வேன்லதான் போவுது. சீனவங்க, மலாய்க்காரங்க, நம்மவங்க எல்லாம் கலந்துதான். ஒரு நாளு லேட்டானதில்ல. இன்னிக்கு மட்டும் வேன் ரிப்பேருன்னு சொல்லிட்டு ஜொகூருக்கு வந்துட்டேன், இப்ப திரும்பிப் போறேன். ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். தாமான் வாட்ஸ்அப் குரூப்புக்கும் நாந்தான் அட்மின். நாப்பத்து மூணு பேரு. நான் கேட்டு வாங்கல, அவங்களாத்தான் குடுத்தாங்க. தவமலர் நேர்மையா நடந்துக்குவான்னு அவ்வளவு நம்பிக்கை.

என் தம்பி குணசீலன். இருபத்தொம்பது வயசு. அம்மா போனப்ப அவனுக்குப் பத்து வயசு, நாந்தான் சோறு ஊட்டி வளத்தேன். லோரிப் பட்டறையில வேல பாக்கறான். போன வியாழக்கெழம வேலைக்குப் போனவன அப்படியே புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. என்னன்னா, அதுக்கு ரெண்டு வாரம் முந்தி, ஒரு செவ்வாக்கெழம சாயந்தரம் ஏழு மணிக்கு, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒரு அம்மா கழுத்துச் சங்கிலிய மோட்டோசைக்கிள்ல வந்த எவனோ அறுத்துக்கிட்டுப் போயிருக்கான். பாவம், அந்தம்மா கீழ விழுந்து இடுப்பு ஒடஞ்சு போச்சு. கேமராவுல மோட்டோ நம்பரு பாதிதான் தெரியுது. அந்தப் பாதி நம்பரு, அதே செவப்பு மோட்டோ, ஓட்டறவன் நம்ம நிறம். போதாதா அவங்களுக்கு?

புடிச்ச அன்னிக்கே போட்டுட்டான் ஒரு நியூஸ்காரன், ஆன்லைன்ல. ‘வழிப்பறி: இந்திய ஆடவர் கைது’. எப்படி இருக்கு? நாளைக்கு நீ ஒரு கடையில பேனா திருடினா உன்னையும் இந்திய ஆசிரியைன்னுதான் போடுவான். இந்தா, என் போனப் பாரு. ஒரு வருஷமா சேத்து வச்சிருக்கேன், எல்லாம் படம் புடிச்சு. வேற எவனாவது செஞ்சா ‘ஆடவர் கைது’. வெறும் ஆடவர். நம்மாளு செஞ்சா ‘இந்திய ஆடவர்’. அதுவே நம்ம புள்ள ஒண்ணு வெளிநாட்டுல போயி ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சான்னு வையி, ‘மலேசியர் சாதனை’. திருடினா இந்தியன், ஜெயிச்சா மலேசியன்! எனக்கு வயிறு எரியுது தங்கச்சி.

ஒரு மனுசனுக்குப் பேரு இருக்கா இல்லியா? பேரு போடாம, இனத்த மட்டும் போட்டா அது என்ன செய்தி? ...பேரு போடாததும் ஒரு வகையில நல்லதுதான்னு வச்சுக்க. தாமான்ல யாருக்கும் தெரியாது. தம்பி வேலையா ஈப்போவுக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். பிள்ளைங்கள ஏத்தறவ வீட்டுலேயே திருடன் இருக்கான்னு பேச்சு வந்தா என் பொழப்பு என்ன ஆவறது?

கேளு இதையும். நாப்பத்தேழாம் நம்பர் வீட்டு மிஸஸ் லிம், அந்த நியூஸ எங்க குரூப்புலயே கொண்டாந்து போடறா. ‘எல்லாரும் கவனம்’னு எழுதி! அவளுக்குத் தெரியாது என் தம்பின்னு. நான் அடுத்த நிமிசமே அழிச்சேன். அழிச்சுட்டு ரூல் போட்டேன்: இந்தக் குரூப்புல யாரும் இனத்தப் பத்திப் பேசக்கூடாதுன்னு. எல்லாரும் கட்டைவிரல் போட்டாங்க. மிஸஸ் லிம்மும் போட்டா. இப்படி ஒவ்வொரு குரூப்புலயும் ஒரு ஆளு இருந்தா இந்த நாடு எங்கயோ போயிருக்கும்.

சரி, அந்த நியூஸ்காரன் நம்மாளு இல்ல, அப்படித்தான் எழுதுவான்னு விட்டேன். சனிக்கெழம இன்னொருத்தன் வந்தான். நம்மாளு, தமிழ்ப் பையன், அவனும் ஆன்லைன் நியூஸ்தான். அக்கா, உங்க பக்கத்து நியாயத்த உலகத்துக்குச் சொல்றேன், மொகத்தக் காட்ட மாட்டேன், கொரல மாத்திடறேன்னான். அழுது தீத்துட்டேன் அவன்கிட்ட. என்ன போட்டான் தெரியுமா? ‘இந்தியக் குடும்பம் கதறல், சட்டமன்ற உறுப்பினர் கைவிரிப்பு’. அட பாவி! நான் அவரப் பத்தி ஒரு வார்த்த பேசல. லாயரையே அவரு ஆபீஸ்லதான் பாத்துக் குடுத்தாங்க. இவனுக்கு அந்தக் கட்சி புடிக்காது, அதுக்கு என் கண்ணீரு வேணும். அடுத்த நாள்லேருந்து அவரு ஆபீஸ்ல என் போன எடுக்கறதே இல்ல. ஒருத்தன் எங்கள வச்சு இனத்தத் திட்டினான், இன்னொருத்தன் எங்கள வச்சு கட்சியத் திட்டினான். உள்ள இருக்கறவன் சாப்பிட்டானான்னு கேக்க ஒருத்தன் இல்ல.

லாயரு மட்டும் விடல, நல்ல மனுசன். திங்கக்கெழம சொன்னாரு: அக்கா, வியாழக்கெழமையோட ரிமாண்டு முடியுது. அதுக்குள்ள, சம்பவம் நடந்த நேரத்துல உங்க தம்பி வேற எடத்துல இருந்தான்னு ஒரு ஆளு நேர்ல வந்து போலிஸ்ல வாக்குமூலம் குடுத்தா, விட்டுடறதுக்கு வழி இருக்கு. இல்லன்னா சார்ஜ் பண்ணிடுவாங்க, அப்புறம் எத்தன மாசமோன்னு. வியாழக்கெழமன்னா நாளைக்கு. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு ஆளோட போலிஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிட்டாரு.

நான் சொன்னேன், சார், அன்னிக்கு ஏழு மணிக்கு அவன் எங்க தாமான் கேட்லதான் இருந்தான், நான் என் கண்ணால பாத்தேன்னு. கூடப் பொறந்தவ சொன்னா எடுபடாதுன்னுட்டாரு. கேட் கேமராவா? அது ஆறு மாசமா கெட்டுக் கெடக்கு. வெளியாளு வந்தாத்தான் புக்குல எழுதுவாங்க, வீட்டுக்காரங்களுக்கு எழுத மாட்டாங்க. அப்ப யாருதான் பாத்தா? ஜாகா பாத்தாரு. கேட்ல காவலுக்கு நிக்கற நேப்பாளி ஜாகா.

பாத்தாருன்னா சும்மா பாக்கல. அன்னிக்கு இவன் மோட்டோ செயின் கேட்டுக்கிட்டயே அத்துக்கிச்சு. அந்த ஆளு காவல் குடிசைய விட்டு வெளிய வந்து, டார்ச் லைட்டப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் ஆறே முக்கால்லேருந்து ஏழரை வரைக்கும் ரோட்டுல குந்தி செயின் மாட்டிக்கிட்டு இருந்தானுங்க. நான் கடைக்குப் போயிட்டு வரேன், ரெண்டு பேரும் கை பூரா கிரீஸோட சிரிச்சுக்கிட்டு நிக்கறானுங்க. எனக்கு வந்துச்சு பாரு கோவம். வீட்டுக்கு வந்து தம்பியத் திட்டினேன், கண்டவன்கிட்ட உனக்கென்னடா சிரிப்புன்னு.

அந்த ஜாகா இப்ப எங்க தாமான்ல இல்ல. ஆமா. இல்ல.

ஏன் இல்லன்னு கேக்கற. சொல்றேன், சொல்றதுக்கு எனக்கென்ன பயம்? அந்த வாரமே ஞாயித்துக்கெழம ஒரு நியூஸ் வந்துச்சு. ஆன்லைன்லதான். வேற ஊரு, வேற தாமான். ‘வீடு புகுந்து திருட்டு: நேப்பாளப் பாதுகாவலர் கைது’. நான் அத எங்க குரூப்புல போட்டேன். பொறுப்புள்ள அட்மின் போடத்தானே செய்வா? கீழ ஒரு வரி எழுதினேன்: ‘நம்ம கேட்லயும் இவங்காளுதான். யோசிங்க.’ அவ்வளவுதான். நான் பேரு சொன்னேனா? சொல்லலியே! இவருதான் திருடினாருன்னு சொன்னேனா? செய்தியப் பகிர்ந்தேன். யோசிங்கன்னேன். யோசிக்கறது தப்பா?

நல்லாத்தான் யோசிச்சாங்க. ஒருத்தர் என் செருப்பக் காணோம்னாரு. இன்னொருத்தர் மூணு மாசத்துக்கு முந்தி கேஸ் சிலிண்டரக் காணோம்னாரு. மிஸஸ் லிம், அவரு என் பொண்ணப் பாத்து சிரிக்கறாருன்னா. அவருதானே வெடியக்காலைல பிள்ளைங்க என் வேன்ல ஏறும்போது குடை புடிப்பாரு, சிரிக்காம என்ன செய்வாரு. ஆனா நான் குறுக்க பேசல. பொது விஷயம் பாரு. நாலு நாள்ல கம்பெனிக்குச் சொல்லி ஆள மாத்திட்டாங்க. கேட்ல யாராவது வந்தா சொல்றதுக்காக அவரையும் குரூப்புல வச்சிருந்தோம். அவர எடுக்கணும்ல, எடுத்தேன். அட்மின்தானே எடுக்க முடியும்?

ஏன் தங்கச்சி அப்படிப் பாக்கற? நீயும் ஒரு பொம்பள, தனியா இருந்தா தெரியும். அது வேற, இது வேற. என் தம்பி விஷயத்துல அந்த நியூஸ்காரன் வேணும்னே எழுதினான். நான் வேணும்னு செய்யல.

திங்கக்கெழம சாயந்தரம் கேட்டுக்குப் போயி புது ஜாகாகிட்ட, பழைய ஆளு எங்க வேல செய்யறாருன்னு கேட்டேன். எந்த ஆளு, பேரு என்னங்கறான். நான் முழிக்கறேன். நாலு வருஷம் எனக்குக் கேட் தொறந்த மனுசன். என் போன்ல ‘ஜாகா’ன்னுதான் போட்டு வச்சிருக்கேன். நேப்பாளின்னேன். நானும் நேப்பாளிதான், எங்க கம்பெனியில நூத்தி இருவது நேப்பாளி இருக்கோம்னான். கெட்ட நேரம்தான், வேறென்ன? வீட்டுக்கு வந்து பூசறையில உக்காந்து அழுதேன். நேத்துத்தான் போன்ல இருந்த அந்த ‘ஜாகா’ நம்பருக்கே அடிச்சேன். எடுத்தாரு. போன்ல பேச மாட்டேன், வேணும்னா நேர்ல வாங்கன்னாரு. ஜொகூர்ல ஒரு பாக்டரி கேட்ல போட்டிருக்காங்க. அதான் இன்னிக்கு வெடிஞ்சதும் பஸ் ஏறினேன்.

நான் ரெண்டு டஜன் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன். தொடவே இல்ல. உக்காருங்கன்னாரு, தண்ணி குடுத்தாரு. தம்பி விஷயத்தச் சொன்னேன். குணா அப்படிச் செய்யற ஆளில்லன்னாரு. உடனே சொன்னாரு, யோசிக்கக்கூட இல்ல. என் தம்பி பேரு அவருக்குத் தெரிஞ்சிருக்கு! நாளைக்கு வரீங்களான்னேன். அதுக்கு அவரு கேட்டாரு, என் பேரு உங்களுக்குத் தெரியுமா அக்கான்னு.

தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? டேக் பகதூர் தாமாங். அவரே சொன்னாரு. ஊருல ரெண்டு பொண்ணாம். எங்க தாமான்லேருந்து அனுப்பினதும், திருட்டுப் புகார்னு கம்பெனியில எழுதி வச்சுட்டாங்களாம். அடுத்த வருஷம் வேல பெர்மிட் புதுப்பிக்க மாட்டாங்களாம். சொல்லிட்டு, நீங்க எனக்கு ஒண்ணும் தர வேணாம், என்னத் திரும்ப அந்தக் குரூப்புல சேருங்க, சேத்துட்டு எல்லாரும் பாக்கற மாதிரி அங்கயே எழுதுங்கன்னாரு. டேக் பகதூர் தாமாங் நாலு வருஷம் ஒண்ணும் திருடல, நாந்தான் தப்பா எழுதினேன்னு எழுதணும். அவரு பேரும் இருக்கணும், என் பேரும் இருக்கணும். எனக்கு நாலு மணிக்கு ஷிப்டு அக்கா. அதுக்குள்ள போட்டீங்கன்னா பஸ் ஏறுவேன். போடலன்னா ஷிப்டு ஏறுவேன். சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. பன்னெண்டரை மணி அப்ப.

இப்ப மணி? மூணு இருவத்தஞ்சா? அய்யோ. மூணு மணி நேரமா கையில போன வச்சுக்கிட்டுக் கெடக்கேன் தங்கச்சி. அது என்னமோ விரலு நகர மாட்டேங்குது. இந்தா, டைப் பண்ணு. நான் தமிழ்ல சொல்றேன், நீ மலாய்ல போடு.

‘அனைவருக்கும் வணக்கம். சில வாரங்களுக்கு முன்பு இந்தக் குரூப்பில் பகிரப்பட்ட ஒரு செய்தியால், முன்னாள் நேப்பாளப் பாதுகாவலர் ஒருவருக்கு மனவருத்தம் ஏற்பட்டதாகத் தெரிய வருகிறது...’

என்ன நிறுத்திட்ட? நல்லாத்தானே இருக்கு? ...ஆமா, பேரு இல்லதான். எழுதினது யாருன்னும் இல்லதான். நீ டீச்சருங்கறதுக்காக என்னையும் பேப்பர் திருத்தாத. எனக்குப் பதினோரு வீடு இருக்கு, நான் அந்த மூஞ்சிங்களப் பாக்கணும். நியூஸ்காரன் எழுதினா எவனாவது மன்னிப்புக் கேக்கறானா? என் தம்பிகிட்ட எவன் கேக்கப் போறான்? நான் மட்டும் ஏன் கேக்கணும், சொல்லு! சத்தம் போடலம்மா. பேசாம இரு ரெண்டு நிமிசம்.

மூணு முப்பத்தஞ்சு.

சரி. அழி. எல்லாத்தையும் அழி. மொதல்ல அவரக் குரூப்புல சேக்கறேன், குடு. ம்... சேத்தாச்சு. பாரு, ‘தவமலர் சேர்த்தார்’னு காட்டிருச்சு, எல்லாரும் பாத்திருப்பாங்க. எழுது. ‘குரூப் அட்மின் தவமலர் எழுதுறது. நம்ம கேட்ல நாலு வருஷம் வேல செஞ்ச டேக் பகதூர் தாமாங் எதையும் திருடினதில்ல. வேற ஊரு செய்தியப் போட்டு அவர் மேல சந்தேகம் வர வச்சது நாந்தான். அது தப்பு. கம்பெனிக்கும் இத எழுதிக் குடுப்பேன்.’ கடைசி வரி அவரு கேக்கல, நானாத்தான் சொல்றேன். போடு. அமுக்கு, அமுக்கு, நான் கண்ண மூடிக்கறேன்.

போயிருச்சா?

யாரு படிச்சிருக்கா? பதினஞ்சு பேரா, அதுக்குள்ளயா. அவரு? அவரும் படிச்சிட்டாரா. ஒண்ணும் எழுதலியா? ...யாரு அது, மிஸஸ் லிம்மா? என்னவாம்? ‘தவமலர், இத ஏன் இப்ப சொல்றீங்க?’ பாத்தியா. இதத்தான் நான் பயந்தேன். இப்ப நாப்பத்து நாலு பேரும் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. அவருந்தான். மனசு உறுத்துச்சுன்னு எழுது. ஆமா, கோயிலுக்குப் போயிருந்தேன், மனசு உறுத்துச்சுன்னு போடு.

இரு. அனுப்பாத.

ரெண்டரை வாரமா உறுத்தலியேம்மா. போன வியாழக்கெழம வரைக்கும் நான் நல்லாத் தூங்கினேன்.

அத அழிச்சுட்டு எழுது. ‘மிஸஸ் லிம், நீங்க போட்டு நான் அழிச்ச செய்தியில இருந்த இந்திய ஆடவர் என் தம்பி. பேரு குணசீலன். அவன் அந்தத் திருட்டச் செய்யல. செய்யலன்னு சொல்லக்கூடிய ஒரே ஆளு டேக் பகதூர். அதனாலதான் இப்ப சொல்றேன்.’ நீயே அனுப்பிடு.

...

யாரும் எழுதலியா? எத்தன பேரு படிச்சாங்க? முப்பத்தெட்டா. முப்பத்தெட்டுப் பேரு படிச்சும் ஒரு கட்டைவிரல்கூட இல்ல.

இரு, இது தனியா வந்திருக்கு. படம். என்னம்மா அது, கண்ணாடி போடாம எனக்குத் தெரியல, நீ படி. டிக்கெட்டா? எத்தன மணி பஸ்ஸு? நாலே காலா? அய்யோ, முருகா... வராரு. வராரு தங்கச்சி. லாயருக்குப் போன் போடணும், பொறு, கண்ணத் தொடச்சுக்கறேன். இல்லம்மா, தண்ணி வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன்.

குரூப்புல இன்னும் ஒண்ணுமில்லியா? சரி விடு, மூடிடு. ஒம்பது மணிக்குத்தான் போலிஸ் ஸ்டேஷன். அதுக்கு முந்தி ஆறு மணிக்கு நான் அந்தப் பதினோரு வீட்டு வாசல்லயும் ஹாரன் அடிக்கணும். எந்தெந்த வீட்டுக் கதவு தொறக்குதுன்னு பாக்கணும்.